வெல்டிங் படிக்க வட்டிக்கு கடனா? கையெழுத்து போடும் முன் இந்த கணக்கை பாருங்க!

திருச்சி:

பத்தாம் வகுப்பு, பிளஸ்-2 ரிசல்ட் வந்தாலே திருவெறும்பூர், துவாக்குடி, அரியமங்கலம் பக்கம் டீக்கடைகளில் ஒரே பேச்சுதான். "பையனை வெல்டிங்குல சேர்த்து விட்டுடலாமா? ஃபீஸ் எவ்ளோ ஆகும்?"

திருச்சிக்காரர்களுக்கு வெல்டிங் புதுசு இல்லை. 1960-களில் பெல் தொழிற்சாலை வந்தது. 1975-ல் பெல் வளாகத்துக்குள்ளேயே வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. சுற்றிலும் பாய்லர் உதிரி பாகம் செய்யும் பேப்ரிகேஷன் யூனிட்டுகள் முளைத்தன. அப்பா வெல்டர், மாமா ஃபிட்டர், சித்தப்பா துபாயில் பைப் வெல்டர் என்று சொல்லும் குடும்பங்கள் இங்கே நிறைய.

அதனால் வேலை என்னவென்று எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, அதை படிக்க காசு எங்கிருந்து வரும் என்பதுதான். அந்த குழப்பத்தில்தான் பல குடும்பம் அவசரப்பட்டு தோட்டை அடகு வைக்கிறது. வட்டிக்காரரிடம் போய் நிற்கிறது.

ஆனால் கணக்கு போட்டு பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. வெல்டிங் படிப்பில் பெரிய செலவு ஃபீஸ் இல்லை. பையன் ஒரு வருஷம் சம்பாதிக்காமல் இருப்பதுதான் பெரிய செலவு!

ஃபீஸ் எவ்வளவு?

அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு ஒரு வருஷ படிப்பு. எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். பத்தாவதில் கோட்டை விட்ட பையனுக்கும் கதவு திறந்திருக்கிறது. ஆண்களுக்கு 40 வயது வரை இடம் உண்டு. பெண்களுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது.

பயிற்சிக் கட்டணம் கிடையாது. விண்ணப்பத்துக்கு 50 ரூபாய், சேரும்போது சில நூறு ரூபாய். அவ்வளவுதான். பாடப்புத்தகம், சீருடை, காலணி, வரைபடக் கருவி, சைக்கிள், பஸ் பாஸ் எல்லாம் அரசே கொடுப்பதாக ஒவ்வொரு வருஷமும் சேர்க்கை அறிவிப்பில் சொல்கிறார்கள்.

கேஸ் வெல்டிங், ஆர்க் வெல்டிங், சி.ஓ.2 வெல்டிங், டிக் வெல்டிங் எல்லாமே பாடத்திட்டத்தில் இருக்கிறது. முடித்தால் தேசிய தொழில் சான்றிதழ். ரயில்வே, பெல், கப்பல் கட்டும் தளம் என்று எங்கே போனாலும் முதலில் கேட்கும் காகிதம் இதுதான்.

தனியார் ஐ.டி.ஐ.யிலும் ஒரு வழி இருக்கிறது. அங்கே அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு. கலந்தாய்வு மூலம் அந்த இடத்தில் சேர்ந்தால் பயிற்சிக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. இது தெரியாமல் நேராக போய் முழு ஃபீஸ் கட்டி சேருகிறவர்களும் இருக்கிறார்கள்.

அப்புறம் ஏன் கூட்டம் இல்லை?

கிட்டத்தட்ட இலவசமாக கிடைக்கிற படிப்புக்கு அடிதடி இருக்க வேண்டாமா? ஆனால் வருஷா வருஷம் நாம் பார்க்கும் செய்தி என்ன? "ஐ.டி.ஐ. நேரடி சேர்க்கைக்கு கால அவகாசம் நீட்டிப்பு." இடம் நிரம்பியிருந்தால் எதற்கு நீட்டிப்பு?

காரணம் கூலிக் கணக்கில் இருக்கிறது. ஒரு உதாரணத்துக்கு, பட்டறையில் ஹெல்பராக போகும் பையனுக்கு நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாசத்தில் 22 நாள் வேலை. மாசம் 11,000 ரூபாய். வருஷத்துக்கு 1 லட்சத்து 32 ஆயிரம்.

அதே பையன் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தால் என்ன கிடைக்கும்? வருகைப் பதிவை பொறுத்து மாசம் 750 ரூபாய் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் படித்து வந்த பையன் என்றால், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய். பெண்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் அதே 1,000 ரூபாய். இரண்டும் சேர்ந்தால் மாசம் 1,750. வருஷத்துக்கு 21,000 ரூபாய்.

1,32,000 எங்கே, 21,000 எங்கே? நடுவில் 1 லட்சத்து 11 ஆயிரம் ரூபாய் பள்ளம்! ஃபீஸ் இல்லை என்று சொன்னாலும், கூலி வேலைக்கு போகும் குடும்பத்துக்கு இந்த பள்ளம்தான் உண்மையான ஃபீஸ். இதை எந்த அறிவிப்பிலும் யாரும் எழுதுவதில்லை.

அதனால்தான் அப்பா யோசிக்கிறார். "ஒரு வருஷம் சும்மா உட்கார வைக்கறதுக்கு, பட்டறையில விட்டா வேலையும் கத்துக்குவான், நாலு காசும் வரும்." இது தப்பான யோசனை என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. வீட்டு வாடகை, ரேஷன் போக மளிகை, தங்கச்சி படிப்பு எல்லாம் அந்த 11,000-க்குள் இருக்கிறது.

ஆனால் பட்டறையில் கற்றவனுக்கு கை வரும், காகிதம் வராது. அஞ்சு வருஷம் கழித்து பெரிய கம்பெனி கேட்டில் போய் நின்றால் முதல் கேள்வியே "சர்டிபிகேட் இருக்கா?" என்பதுதான். அங்கேயே கதவு சாத்தப்படும்.

மூணு மாச கோர்ஸ் என்ற வலை

இந்த பள்ளத்தை பார்த்து பயந்தவர்களுக்கு இன்னொரு போஸ்டர் கண்ணில் படுகிறது. "மூன்றே மாதத்தில் 6ஜி வெல்டர்! வெளிநாட்டு வேலை உறுதி!" ஒரு வருஷம் இழுக்காது, சீக்கிரம் சம்பாதிக்கலாம் என்று தோன்றும். அப்போதுதான் வட்டிக்கடை ஞாபகம் வருகிறது.

6ஜி என்றால் என்ன? பைப்பை 45 டிகிரி சாய்வாக நிறுத்தி வைத்து, அதை திருப்பாமல் சுற்றிலும் வெல்டிங் அடிக்க வேண்டும். கீழே படுத்தும் மேலே எட்டியும் அடிக்க வேண்டிய வேலை. வெல்டர் தேர்வுகளில் கஷ்டமானது இது. இதில் தேறியவனுக்கு மரியாதையும் சம்பளமும் உண்டு என்பது நிஜம். ஆனால் ராடு பிடித்தே பழகாத கைக்கு மூணு மாசத்தில் இது வருமா என்பதுதான் கேள்வி.

நல்ல தனியார் பயிற்சி மையங்களும் இருக்கின்றன. எல்லோரையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம். ஆனால் பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கிறது.

ஒன்று: ஒரு நாளைக்கு எத்தனை ராடு கொடுப்பீங்க? வெல்டிங் பயிற்சியில் காசு போவது ராடு, ஆர்கான் கேஸ், பிளேட், பைப், கரண்ட் ஆகியவற்றுக்குத்தான். ஃபீஸ் கம்மி என்று சொல்லி, பத்து பேருக்கு ஒரு மெஷின் வைத்து, நாளைக்கு ரெண்டு ராடு கொடுத்தால் அது பயிற்சி இல்லை, வேடிக்கை.

இரண்டு: சர்டிபிகேட் யார் பெயரில் வரும்? "இன்டர்நேஷனல்" என்று தங்க எழுத்தில் அச்சடித்தால் மட்டும் அது செல்லாது. அரசு அங்கீகாரம் உண்டா, தேர்வை யார் நடத்துகிறார்கள் என்று கேளுங்கள்.

மூன்று: இந்த கோர்ஸுக்கு பேங்க் லோன் கிடைக்குமா? இது லோனுக்காக மட்டும் கேட்கும் கேள்வி இல்லை. அங்கீகாரம் இல்லாத கோர்ஸுக்கு பேங்க் லோன் தராது. பேங்க் கை விரிக்கிற இடத்தில் நீங்கள் ஏன் பணத்தை கட்ட வேண்டும்?

நான்கு: ரசீது தருவீங்களா? ஒரிஜினல் டி.சி., மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்வேன் என்று சொன்னால் அந்த இடத்துக்கு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

படிப்புக்கும் விசாவுக்கும் சேர்த்து ஒரே தொகை கேட்டால் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். பயிற்சி வேறு, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவது வேறு. ஆள் அனுப்ப மத்திய அரசின் பதிவு வேண்டும். பதிவு எண் இல்லாதவரிடம் காசு கொடுத்தால் அது போன காசுதான்.

அஞ்சு வட்டியும் பேங்க் வட்டியும்

சரி, கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்? ஒரு கணக்கு. 60,000 ரூபாய் அஞ்சு வட்டிக்கு வாங்கினால் மாசம் 3,000 ரூபாய் வட்டி. வருஷத்தில் 36,000 ரூபாய் கட்டிய பிறகும் அசல் 60,000 அப்படியே நிற்கும்! அதே பணத்தை பேங்கில் 11 சதவீத வட்டிக்கு வாங்கினால் வருஷ வட்டி 6,600 ரூபாய்தான்.

தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டம் ஏட்டில் இருக்கிறது, வட்டிக்காரர் வாசலில் இருக்கிறார்.

தொழில் பயிற்சிக்கு என்றே பேங்குகளில் "திறன் கடன்" என்று ஒரு திட்டம் இருக்கிறது. 2015-ல் வந்தபோது 5,000 முதல் 1.5 லட்சம் ரூபாய் வரை தரலாம் என்றார்கள். 2024 ஜூலையில் உச்ச வரம்பை 7.5 லட்சமாக உயர்த்தினார்கள். கடனுக்கு அரசு நிதியம் உத்தரவாதம் நிற்கிறது. 2015 திட்டப்படி சொத்து ஜாமீன் தேவையில்லை. ஒரு வருஷத்துக்குள் முடியும் கோர்ஸ் என்றால், முடித்த பிறகு ஆறு மாசம் வரை தவணை ஆரம்பிக்காது. 50,000 ரூபாய் வரை மூணு வருஷம், ஒரு லட்சம் வரை அஞ்சு வருஷம், அதற்கு மேல் ஏழு வருஷம் திருப்பிக் கட்ட நேரம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கிளைக்கு போனால் எல்லா மேனேஜரும் உட்கார வைத்து விளக்குவார் என்று எதிர்பார்க்க முடியாது. "அப்படி ஒரு லோன் இல்லையே" என்று சொன்னால் அதோடு திரும்பி வரவேண்டாம். மனுவை எழுத்தில் கொடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதற்கு மேல் இருக்கவே இருக்கிறார் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர். கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம்.

சம்பளத்தோடு படிக்கும் வழி

ஃபீஸ் கட்டாமல், உதவித்தொகை வாங்கிக்கொண்டே கற்கும் வழியும் இருக்கிறது. அதுதான் அப்ரண்டிஸ். 1961-ம் வருஷ சட்டம் இது. 2019-ல் திருத்திய விதிப்படி பத்தாவது தேறியவருக்கு குறைந்தபட்சம் மாசம் 6,000 ரூபாய், பிளஸ்-2 அல்லது ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7,000 ரூபாய் என்று வைத்தார்கள். இதை உயர்த்த 2025-ல் மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் சிபாரிசு செய்தது.

சென்னை ஐ.சி.எஃப். ரயில் பெட்டி தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2025-ல் 1,010 அப்ரண்டிஸ் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. அதில் ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு ஒரு பட்டியல், ஐ.டி.ஐ. வாசலே மிதிக்காத புதியவர்களுக்கு தனி பட்டியல். இரண்டிலும் வெல்டர் இடம் இருந்தது. பத்தாவதில் 50 சதவீத மார்க் இருந்தால் புதியவர்கள் விண்ணப்பிக்கலாம்.

நம்ம ஊர் பொன்மலை ரயில்வே பணிமனையிலும், பெல்லிலும் ஐ.டி.ஐ. முடித்த வெல்டர்களை அப்ரண்டிஸாக எடுக்கிறார்கள். ஒரு வருஷம் ஐ.டி.ஐ., அடுத்த வருஷம் அப்ரண்டிஸ் என்று போனால், ரெண்டாவது வருஷம் கையில் காசு வர ஆரம்பித்துவிடும்.

ஒன்றை மறைக்கக்கூடாது. அப்ரண்டிஸ் முடித்தால் அதே இடத்தில் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பொன்மலையில் அப்ரண்டிஸ் முடித்த இளைஞர்கள் வேலை கேட்டு போராடியதை திருச்சி பார்த்திருக்கிறது. ரயில்வேயின் லெவல்-1 வேலைகளில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதுவும் தேர்வு எழுதித்தான் போக வேண்டும். ஆனாலும், கடன் இல்லாமல் கையில் ரெண்டு சான்றிதழோடு வெளியே வருவது சின்ன விஷயம் இல்லை.

யாரும் சொல்லாத சில்லறை உதவிகள்

அப்பாவோ அம்மாவோ கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்திருந்தால், பிள்ளையின் ஐ.டி.ஐ. படிப்புக்கும் கல்வி உதவி உண்டு. கார்டை புதுப்பித்து வைத்திருக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

ஆதிதிராவிடர், பழங்குடியின பிள்ளைகளுக்கு, பத்தாவது தேறியிருந்து பெற்றோர் வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால், போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை ஐ.டி.ஐ. படிப்புக்கும் உண்டு. தாட்கோவும் அவ்வப்போது இலவச பயிற்சி அறிவிக்கிறது.

மணப்பாறை, துறையூர், முசிறி பக்கம் இருந்து தினமும் பஸ் பிடித்து வர முடியாதவர்களுக்கு அரசு விடுதி இருக்கிறது. 2025-ல் "சமூகநீதி விடுதி" என்று பெயர் மாற்றினார்களே, அந்த விடுதிகள்தான். கல்லூரி விடுதிகளில் ஐ.டி.ஐ. பிள்ளைகளும் சேரலாம். சாப்பாடும் தங்குமிடமும் இலவசம் என்றால் அந்த 1,11,000 பள்ளத்தில் ஒரு பகுதி அங்கேயே அடைபடும்.

கிராமத்து ஏழைக் குடும்ப பிள்ளைகளுக்கு ஊரக வளர்ச்சித் துறையின் தீனதயாள் உபாத்யாயா திட்டத்தில் தங்கிப் படிக்கும் இலவச குறுகிய காலப் பயிற்சிகள் நடந்திருக்கின்றன. வெல்டிங் பேட்ச் எப்போது என்று யூனியன் ஆபீசில் மகளிர் திட்ட அலுவலரை கேட்டால் சொல்வார்கள்.

மெஷினுக்கு கோடி, பையனுக்கு 750!

இனி அரசைப் பார்த்து கேட்க வேண்டிய கேள்வி. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை தனியார் நிறுவனத்தோடு சேர்ந்து நவீனமாக்க 2,877 கோடி ரூபாய் திட்டம் போட்டார்கள். ரோபோ, கம்ப்யூட்டர் மெஷின் எல்லாம் வந்தது. மத்திய அரசு நாடு முழுக்க 1,000 ஐ.டி.ஐ.க்களை மேம்படுத்த 60,000 கோடி ரூபாய் திட்டத்துக்கு 2025 மே மாசம் ஒப்புதல் கொடுத்தது. நல்ல விஷயம். பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அந்த மெஷின் முன்னால் நிற்க வேண்டிய பையனுக்கு மாசம் 750 ரூபாய். ஒரு நாளைக்கு 25 ரூபாய். மதியம் ஒரு தயிர் சாதமும் டீயும் வாங்க முடியுமா? கட்டிடத்துக்கு கோடிக்கணக்கில் கொட்டிவிட்டு, பையனின் கூலிப் பள்ளத்தை அடைக்காமல் விட்டால் இடம் காலியாகத்தான் கிடக்கும். உதவித்தொகை உயர வேண்டும். அதைவிட முக்கியம், மாசம் பிறந்ததும் கணக்கில் ஏற வேண்டும்.

இன்னொன்று. இந்த தகவல் எல்லாம் ரிசல்ட் வந்த பிறகு ஒரு மூலையில் அறிவிப்பாக வருகிறது. பத்தாவதில் தோற்ற பையன் வீட்டுக்கு எந்த அதிகாரியும் போய் "எட்டாவது போதும்ப்பா, வா" என்று சொல்வதில்லை. பள்ளிக்கூடத்தில் பெயர்ப் பட்டியல் இருக்கிறது, ஐ.டி.ஐ.யில் இடம் இருக்கிறது. ரெண்டையும் சேர்த்து வைக்கத்தான் ஆள் இல்லை. அந்த இடைவெளியில்தான் போஸ்டர் ஒட்டுகிறவர் நுழைகிறார்.

எதை முதலில் செய்யணும்?

வரிசை முக்கியம். முதலில் அரசு ஐ.டி.ஐ., அல்லது தனியாரில் அரசு ஒதுக்கீட்டு இடம். கலந்தாய்வு முடிந்துவிட்டதா? நேரடி சேர்க்கைக்கு திருவெறும்பூர் ஐ.டி.ஐ. ஆபீசில் விசாரியுங்கள். உதவித்தொகை, இலவசப் பொருள் எல்லாம் இந்த வருஷம் எவ்வளவு என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து அப்ரண்டிஸ். அங்கே உதவித்தொகை வரும்போது மாசம் ஆயிரம், ரெண்டாயிரம் ஒதுக்கி வையுங்கள். 6ஜி, டிக் போன்ற உயர் பயிற்சிக்கு காசு கட்ட வேண்டியது அதற்குப் பிறகுதான். அப்போது கை பழகியிருக்கும், வாத்தியார் சொல்வது புரியும், கட்டுகிற காசுக்கு பலன் இருக்கும். கடனே வாங்கினாலும் பேங்க் கடனாக, சிறிய கடனாக இருக்கும்.

பெல் ஆர்டர் குறைந்த 2010-களில் துவாக்குடி பக்கம் எத்தனை யூனிட் ஷட்டரை இறக்கியது என்று இந்த ஊருக்கு ஞாபகம் இருக்கும். அப்போது சான்றிதழ் இருந்தவன் வேறு ஊர், வேறு நாடு என்று பிழைத்துக்கொண்டான். வெறும் கைவேலை மட்டும் தெரிந்தவன், அதிலும் கடன் இருந்தவன்தான் அதிகம் கஷ்டப்பட்டான்.

வெல்டிங் தொழிலில் ஏற்ற இறக்கம் வரும், போகும். ஆனால் அஞ்சு வட்டி எந்த இறக்கத்திலும் இறங்காது. தோட்டை அடகு வைக்கும் முன் ஒரு தடவை ஐ.டி.ஐ. வாசல் வரை போய்விட்டு வாருங்கள். பஸ் காசு மட்டும்தான் செலவு!